‘ஒருவேளை’ என்னும் உரைகல்

“நடவாததைப் பற்றிப் பேசுவானேன்?” விவாத மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கும் மறுமொழி இது. நிதானம்போல் தோன்றும் இம்மறுப்பு, பெரும்பாலும் அச்சம் அணிந்த முகமூடியே.

அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 1988 அக்டோபரில் நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதத்தில், மரண தண்டனையை எதிர்த்துவந்த மைக்கேல் டுகாகிஸிடம், அவர்தம் மனைவியே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால் கொலையாளிக்கு அத்தண்டனையை விரும்புவாரா என்று வினவினர். விரும்பேன் என்றார், கொள்கையினின்று வழுவவில்லை. ஆனால், குரலில் வேதனை இல்லையென்று தூற்றப்பட்டார். நேர்மையாக விடையளித்தவரையே தண்டிக்கும் சபையில் வேறு யார் வாய் திறப்பார்?

ஆயினும், வலைவிரிக்கக் கேட்பது வேறு. வழிதேடக் கேட்பது வேறு. முன்னதற்கு அஞ்சிப் பின்னதையும் தள்ளிவிட்டால், நம் கொள்கை நியாயத்தின்மேல் நிற்கிறதா, வசதியின்மேல் நிற்கிறதா என்று உரைத்துப் பார்க்க நமக்குக் கல் ஏது?

கொல்லப்பட்டவள் நம் மனைவியானால் என்று கேட்போர், தூக்குமேடையில் நிற்பவன் நம் மகனானால் என்றும் கேட்கட்டும். இரண்டு கேள்விகளுக்கும் மாறாத விடை எதுவோ, அதுவே கொள்கை. மாறினால், நாம் இதுவரை காத்துவந்தது நீதியை அன்று, நம்மை.