அரசியின் கல்லறையும் விருந்தினர் விடுதியும்

ஜெபம் செய்த இடத்தில் ஓட்டல் நடத்தலாமா? கூடாது என்றுதான் நாங்களும் முதலில் எண்ணினோம்.

ஸ்பெயின் நாட்டிலே, கிரனாடா நகரத்து அல்ஹம்ப்ரா குன்றின்மீது புனித பிரான்சிஸ்குவின் பெயரால் ஒரு பழைய மடம் இருக்கிறது. ஆதியில் அது முஸ்லிம் மன்னர்களின் மாளிகை. 1492-இல் நகரம் இசபெல்லா அரசியார் வசமாகவே, சில ஆண்டுகளில் பிரான்சிஸ்கன் துறவியர் அங்கே குடியேறினர். கொலம்பசை அனுப்பிய அதே அரசியார்தாம். (அதே ஆண்டில் யூதர்களை நாட்டைவிட்டுத் துரத்தியவரும் அவரே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

1504-இல் இறந்த அவர், துறவியரின் அங்கியை உடுத்தி, இந்த மடத்திலே, ஆடம்பரமின்றித் தரையோடு தரையாகத் தம்மை அடக்கம் செய்யுமாறு மரண சாசனத்தில் கேட்டிருந்தார். அப்படியே செய்தார்கள். 1516-இல் இறந்த கணவர் பெர்டினாந்தும் அங்கேயே வைக்கப்பட்டார். 1521-இல்தான் இருவரின் உடல்களும் நகரின் அரச சிற்றாலயத்துக்கு மாற்றப்பட்டன.

பிறகு வந்தது பொல்லாத காலம். 1835-ஐ ஒட்டி அரசாங்கம் துறவற மடங்களை மூடிற்று. துறவியர் வெளியேறினர், கட்டடம் பாழாயிற்று. குடியில்லாத வீடு எப்படிச் சிதையும் என்பதை நம் ஊர்களிலும் பார்க்கிறோமே! ஓர் ஓடு நழுவினால் மழை இறங்கும். மழை இறங்கினால் உத்திரம் இற்றுப்போகும். ஆலஞ்செடி வேர்விட்டால் சுவரே பிளந்துவிடும்.

1920-களின் இறுதியில் டோரஸ் பல்பாஸ் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பழுதுபார்த்தார். 1945-இல் அது 'பரதோர்' எனப்படும் அரசு விடுதியாயிற்று. இத்தகைய விடுதிகளை ஸ்பெயின் அரசு 1928 முதலே நடத்தி வருகிறது. பாழான கோட்டைகளும் மடங்களும் பல இப்படிப் பிழைத்திருக்கின்றன.

ஆகவே எங்கள் எண்ணம் மாறிற்று. கூரை ஒழுகாமல் காக்கப் பணம் வேண்டும். விருந்தினர் தரும் வாடகை அதற்கு உதவட்டும். ஆனால் அரசியார் முதலில் துயின்ற இடத்தைக் காட்டும் கல் இன்றும் அங்கே இருக்கிறது. அதனருகே மேசை நாற்காலி போடுவதை மட்டும் எங்களால் ஒப்ப முடியாது. அறை எடுக்க வசதியில்லாத ஏழையும் அங்கே வந்து முழந்தாளிட்டு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்ல இடம் வேண்டும். தரையோடு தரையாகக் கிடக்க விரும்பிய அரசியார் அதை மறுத்திருக்கமாட்டார்.