ஏற்றத்தில் திணறும் ஜீப்

கேள்வி: காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பழைய டீசல் ஜீப் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. சற்று ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. பம்பை மாற்ற வேண்டுமா?

பதில்: பம்பைக் கழற்றுவது கடைசி வேலை, செலவும் அதில்தான் அதிகம். சுமையோடு வளைவில் நின்றால், முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிறகு டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் உடனே கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சுத்தம் செய்தால் போதும்.

அது இல்லையென்றால், டேங்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸைச் சந்தேகிக்கலாம். அங்கே வெடிப்பு இருந்தால் பெரும்பாலும் டீசல் சொட்டாது. காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால்தான் பலர் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அந்த இடத்தில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டி, ஏர் எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால், கோளாறு டேங்க் பக்கத்து இணைப்பில். குமிழியே இல்லையென்றால் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். கேனில் வாங்கிவைத்து ஊற்றும் டீசல் என்றால், டேங்கின் அடியில் தண்ணீரும் வண்டலும் தங்கியிருக்கும். அதையும் வடித்துவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் திணறினால் மட்டும் பம்ப் மெக்கானிக்கிடம் போகலாம்.