ஏரியோ, பள்ளமோ?

தோழா!

செயங்கொண்டம் கடந்து கங்கைகொண்டசோழபுரம் சென்றிருக்கிறாயா? சென்றிராவிடில் ஒருமுறை சென்று வா. விண்ணை முட்டும் விமானத்தைக் காண்பாய், வியந்து நிற்பாய். வியப்பு அடங்கியபின் நாற்றிசையும் நோக்கு. வயல் தெரியும், வரப்பு தெரியும், சிற்றூர் ஒன்றின் கூரைகள் தெரியும். அப்போது உன் நெஞ்சைக் கேள்: "கோயில் இருக்கிறது, கோநகரம் எங்கே?"

நகரம் இருந்தது, தோழா! கங்கைக்கரை வரை சென்று மீண்ட படையின் வெற்றிக்கு நினைவாக, 1025-ஆம் ஆண்டையொட்டி இராசேந்திரன் எழுப்பிய தலைநகரம் அது. ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் ஆணை அங்கிருந்தே பிறந்தது. மாடமும் கூடமும் இருந்தன. மன்னனும் மந்திரியும் இருந்தனர். திறை சுமந்து வந்தோர் வாயிலிலே காத்து நின்றனர். 1279-ஐ ஒட்டிச் சோழராட்சி மறைந்தது. மாளிகை இருந்த இடத்திற்கு இன்று மாளிகைமேடு என்று பெயர். தொல்லியல் துறையினர் தோண்டிக் காட்டுவது செங்கல் அடித்தளத்தை! கோயில் மதிலின் கற்களைக்கூட, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காக 1836-ல் வெள்ளையர் பெயர்த்தெடுத்துச் சென்றனர்.

அரசு போனால் ஊரும் போக வேண்டுமென்பது விதியா? அன்று! பல்லவர் போனபின்னும் காஞ்சி வாழ்ந்தது; தறி இருந்தது. பாண்டியர் போனபின்னும் மதுரை வாழ்ந்தது; அங்காடி இருந்தது. கங்கைகொண்டசோழபுரத்தை வாழ்வித்ததோ கருவூலம் என்றே கருத வேண்டியிருக்கிறது. கருவூலம் வற்றிற்று, நகரும் வாடிற்று.

பழங்கதை எதற்கு என்கிறாயா? டில்லியைப் பற்றிப் பேசத்தான்!

1911 டிசம்பர் 12-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பாரிலே அமர்ந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். 1931-ல் புதுடில்லி திறந்து வைக்கப்பட்டது. வணிகர் நாடி வந்து வளர்த்த நகரமன்று அது. உழவர் கூடி உருவாக்கியதுமன்று. ஆணை பிறந்தது, நகரம் பிறந்தது! செலவு? நாட்டு மக்கள் அனைவரின் வரிப்பணம்!

இன்று நாடாளுமன்றம் அங்கே, உச்ச நீதிமன்றம் அங்கே, அமைச்சகங்கள் அங்கே, அயல்நாட்டுத் தூதரகங்களும் அங்கே. மற்ற மாநிலங்கள் தத்தம் காவல்துறையைத் தம் பணத்தில் நடத்த, டில்லியின் காவல்துறைக்கு மத்திய உள்துறையே படியளக்கிறது. அலுவலரின் ஊதியம் கடைக்குப் போகிறது. கடைக்காரர் வீடு கட்டுகிறார். கொத்தனாருக்கு வேலை கிடைக்கிறது. ஒப்பந்தம் தேடி வருவோரால் விடுதிகள் நிரம்புகின்றன. வழக்காட வருவோரால் வழக்கறிஞர் வாழ்கின்றனர். ஒரு ரூபாய், பத்துக் கைகள் மாறிப் பத்து அடுப்புகளை எரிக்கிறது. அந்த முதல் ரூபாய் எங்கிருந்து வந்தது? அரியலூரிலிருந்தும் வந்தது, தோழா! பெரம்பலூரிலிருந்தும் வந்தது!

"டில்லியிலே வணிகமே இல்லையா? அந்நகரத்தார் வரி செலுத்தவில்லையா?" என்பர். இருக்கிறது, செலுத்துகின்றனர். ஒன்றியப் பகுதி என்பதால் நிதிக் குழு மாநிலங்களுக்குப் பகிரும் வரியில் டில்லிக்குப் பங்கில்லை என்பதும் உண்மை. ஆட்சிக்கு ஓர் இருக்கை வேண்டும். இருக்கும் இடத்தில் செலவும் இருக்கும். அதை நாம் குற்றமென்று கூறவில்லை. கொடுப்பவனைக் கையேந்துபவன் ஆக்குவதைத்தான் குற்றம் என்கிறோம்!

கணக்கைக் கேள். நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர் தமிழகத்தார் என்கிறது 2011 கணக்கெடுப்பு. பகிரும் வரியில் 2021 முதல் 2026 வரை நமக்கு 15-ஆவது நிதிக் குழு வகுத்த பங்கு நூற்றுக்கு 4.079. வறிய மாநிலத்திற்குக் கூடுதலாகத் தருவதை நாம் பழிக்கவில்லை, அது அறம். ஆனால் செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் பெயரிட்டு வாங்கும் பணத்தை மாநிலங்களோடு பகிராமல் மத்திய அரசே வைத்துக்கொள்கிறதே, அது எந்த அறம்?

இனி நம் மண்ணுக்கு வா. 1956 நவம்பர் 23-ல் மருதையாற்றுப் பாலத்தருகே இரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டபோது அரியலூரின் பெயர் டில்லிக்கு எட்டிற்று; இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். சாவால் எட்டிய பெயர் வாழ்வால் எட்டவில்லை! சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைவிக்கும் பெரம்பலூர், 1995-லிருந்து மாவட்டத் தலைநகரம். அவ்வூருக்கு இருப்புப்பாதை இல்லை. 2025 ஜூலை 27-ல் பிரதமர் கங்கைகொண்டசோழபுரம் வந்தார். சோழர் பெருமை பேசினார். இராசேந்திரன் பெயரால் நாணயம் வெளியிட்டார். நாணயம் வந்தது, நிதிப் பகிர்விலே நாணயம் வந்ததா?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் விட்டுச் சென்ற செல்வம் அரியலூரின் சுண்ணாம்புக்கல். மொழிக்காக 1964-ல் தீக்குளித்த சின்னசாமியின் கீழப்பழுவூரிலும் சிமெண்டு ஆலை உண்டு. அந்தக் கல்லுக்கு ராயல்டி எவ்வளவு என்பதை நிறுவுவது யார்? 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசு! 2014-ல் அது வகுத்தது, டன்னுக்கு 80 ரூபாய். ராயல்டி மாநிலத்திற்கு வரும். விலை கூறும் உரிமை வராது.

முன்பு தமிழகம் இதற்கு வழிகண்டது. 1958-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ், ராயல்டியின்மீது உள்ளூர் வரி விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது, "ராயல்டியும் வரியே, அதன்மேல் மாநிலம் வரி விதிக்கலாகாது" என்று 1989-ல் தீர்ப்பாயிற்று. 35 ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜூலை 25-ல் ஒன்பது நீதிபதிகளில் எண்மர், "ராயல்டி வரியன்று, கனிம உரிமைமீது வரி விதிக்க மாநிலத்திற்கு அதிகாரம் உண்டு" என்று அத்தீர்ப்பை மாற்றினர். தமிழகம் சட்டம் இயற்றிற்று. 2025 ஏப்ரல் 4 முதல், கனிமம் தாங்கிய நிலத்திற்கு வரி. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். மாநில உரிமை வென்றது! மகிழ்ந்தோம்!

மகிழ்ச்சி அடங்குமுன் ஒரு கேள்வி, தோழா. கசக்கும் கேள்வி; கேட்டே தீர வேண்டிய கேள்வி. அந்த 160 ரூபாய் எங்கே போகிறது? சென்னைக் கருவூலத்திற்கு! சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். அதற்கு மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபர் 3-ல்தான் வந்தது, அதுவரை கொதித்தோம். நியாயமான கொதிப்பு! ஆனால் டில்லியை நோக்கிச் சென்னை கேட்கும் அதே கேள்வியை, சென்னையை நோக்கி அரியலூர் கேட்டால் நம் விடை என்ன? 2001-ல் மாவட்டமாகி, 2002-ல் அதை இழந்து, 2007 நவம்பர் 23-ல் மீண்டும் பெற்ற ஊர் அது. ஆட்சியர் அலுவலகம் வருவதும் போவதும் கோட்டையில் இடும் ஒரு கையெழுத்தால் என்பதை அறிந்த ஊர். அதற்குத் தூசியும் லாரியும், வெட்டி முடித்த சுரங்கப் பள்ளமும்தானா பங்கு?

கனிமம் எடுக்கும் ஊர்களுக்கென்று மாவட்டக் கனிம அறக்கட்டளையை 2015-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் தந்திருக்கிறது. அது தொடக்கம், முடிவன்று. 1989-ல் வீழ்ந்தது ஊராட்சியின் பெயரால் எழுந்த வரி. 2024-ல் மீண்ட உரிமையிலும் ஊராட்சிக்கே முதற்பங்கு! அப்பங்கு அமைச்சரின் அருளிலே நிற்கலாகாது. சட்டத்தின் எழுத்திலே நிற்க வேண்டும். கோட்டையிலே யார் அமர்ந்தாலும் இதையே நாம் கேட்க வேண்டும். நம்மவர் அமர்ந்தால் இரட்டிப்பாகக் கேட்க வேண்டும்!

இராசேந்திரன் தன் தலைநகரருகே ஓர் ஏரி வெட்டினான்: சோழகங்கம். நீரால் ஆன வெற்றித்தூண் என்று அதனைச் செப்பேடு புகழ்கிறது. ஏரியும் நீரை வாங்குகிறது, பள்ளமும் வாங்குகிறது. ஏரிக்கு மதகு உண்டு. வாங்கியதை வயலுக்குத் திருப்பித் தருகிறது. பள்ளம் வாங்கியதை வைத்துக்கொண்டு பாசி பிடிக்கிறது. மாளிகை மண்ணாயிற்று, ஏரியோ இன்றும் பெயரோடு நிற்கிறது!

தலைநகரம் பொதுப்பணத்தால் செழிப்பது பழியன்று. மதகில்லாத தலைநகரமாய் இருப்பதே பழி. டில்லிக்கும் இது பொருந்தும், சென்னைக்கும் பொருந்தும்.

அடுத்த கிராம சபைக் கூட்டத்திலே எழுந்து நில், தோழா! "எம் ஊர்க் கல் எத்தனை டன் போயிற்று? வரி எவ்வளவு வந்தது? எமக்குத் திரும்பியது எவ்வளவு?" இம்மூன்றையும் கேள். கணக்கு வரும்வரை கேள். மதகு தானே திறப்பதில்லை. திறக்கக் கைகள் வேண்டும். அக்கைகளில் ஒன்று உன்னுடையதாகட்டும்!