பெரிய வான் எண்டால் எல்லாருக்கும் இடமா?

காம்பர் வான் வாடகைக்கு எடுக்கிற கதை வந்தாலே "பெரிசா எடுப்பம்" எண்டுதான் எங்கட ஆக்கள் தொடங்குவினம். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. நீட்டு ஹயஸ் 5.38 மீற்றர் நீளம். சாதாரண ஹயஸ் 4.7 மீற்றருக்குள் அடங்கும். சுசுகி எவ்ரி 3.4 மீற்றருக்குள். எல்லப் பக்கத்து ஒடுங்கிய மலை றோட்டுகளில் தரிப்பிடம் தேடேக்கதான் இந்த வித்தியாசம் விளங்கும்.

அதுக்காக "சின்னனே காணும்" எண்டும் முடிக்கேலாது. சக்கர நாற்காலியில் இருக்கிற தோழியும் வாறா எண்டால் கணக்கே மாறும். பக்கக் கதவால் ஏறுவதென்றால் பக்கத்தில் சாய்தளம் போட இடம் வேணும். பின்கதவென்றால் பின்னுக்கு வேணும். பெரிய வானை நெருக்கி நிப்பாட்டினால் இரண்டும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல் வந்தன. நாங்களோ இன்னும் "நீர் வீட்டில நில்லும், படம் அனுப்புறம்" எண்டு சொல்லிப்போட்டுப் போறம். இது என்ன நியாயம்?

கதவின் அகலம், படியின் உயரம், நாற்காலியின் அளவு: முதலில் இவற்றை அளந்து பாருங்கோ. கட்டில் எத்தனை எண்டு பிறகு கேக்கலாம்.