கப்பல்ல கைலி கட்டினா என்னவாம்?

க்ரூஸ் கிளம்புற நம்ம பொட்டி தட்டுற மக்கள், கோட்டு சூட்டு தேடி அலையறாங்க. 'ஃபார்மல் நைட்'டாம். அன்னிக்கு பெரிய டைனிங் ஹால்ல டை கட்டித்தான் சாப்பிடணுமாம். அட, பஃபே பக்கம் போனா சாதா சட்டையே போதுங்க. என் ஓட்டு அதுக்குத்தான்.

எங்க பழவேற்காட்டுக் குப்பங்கள்ல கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டுதான் படகுல ஏறுவாங்க. அதைக் கேவலமா பார்க்காதீங்க. 1613-ல் டச்சுக்காரங்க இங்க ஜெல்டிரியா கோட்டை கட்டினதே துணி வியாபாரத்துக்குத்தான். இங்கேருந்து துணி கப்பலேறிப் போச்சு. மலேசியாவுல கைலிக்கு இன்னிக்கும் 'கைன் பெலிக்காட்'னுதான் பேரு. அதாவது புலிகாட், எங்க ஊரு! வெள்ளிக்கிழமை தொழுகைக்கே அதைக் கட்டிட்டுப் போறாங்க. இங்கயோ, என்னைப் பார்க்க கைலியோட வந்த சித்தப்பாவை ஆபீஸ் கேட்டுலயே நிறுத்திட்டாங்க.

2014-ல் சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்புல வேட்டியோட வந்த ஹைகோர்ட் நீதிபதியையே உள்ள விடலை. அதே வருஷம், வேட்டி கட்டினவங்களைத் தடுக்கக்கூடாதுன்னு சட்டம் வந்துச்சு. வேட்டிக்கு ஒரு நீதிபதி கிடைச்சார். கைலிக்கு யாரு?

நான் க்ரூஸ் போனா பொட்டியில ரெண்டு கைலி கண்டிப்பா இருக்கும். டைனிங் ஹால்ல விடலைன்னா ரூமுக்கே சாப்பாடு சொல்லிக்கிறேன் :-)