எஞ்சினைப் பிடித்தால் விடுதலையா?

'ஸ்னோபியர்சர்' படத்தின் மீது இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "இது வெறும் ஏழை-பணக்காரர் கதை." இன்னொன்று, "கடைசியில் ரயிலையே கவிழ்த்துவிட்டார்களே, இதில் என்ன வெற்றி?" இரண்டுமே தவறு தோழர்களே.

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோவின் 2013ஆம் ஆண்டுப் படம் இது. புவி வெப்பத்தைத் தணிக்க வானில் தூவிய வேதிப்பொருள் உலகையே உறைய வைத்துவிடுகிறது. மிஞ்சியவர்கள் 17 ஆண்டுகளாக நிற்காமல் ஓடும் ரயிலுக்குள் வாழ்கிறார்கள். முன்பெட்டிகளில் பள்ளிக்கூடம், நீச்சல்குளம், கேளிக்கை விடுதி. கடைசிப் பெட்டிக்குப் பூச்சிகளை அரைத்துச் செய்த கட்டிதான் சாப்பாடு.

எதிர்த்தவரின் தலையில் ஒரு ஷூவை வைத்துவிட்டு அமைச்சர் மேசன் பாடம் நடத்துகிறார்: தொப்பி தலைக்கு, ஷூ காலுக்கு; நான் தொப்பி, நீங்கள் ஷூ; அவரவர் இடம் முன்பே விதிக்கப்பட்டது. பணத்திமிர் மட்டும் இப்படிப் பேசாது. வாயில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற புருஷ சூக்தத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதா என்ன?

எஞ்சினில் ஒரு பாகம் தேய்ந்துவிட்டது. அந்தக் குழிக்குள் உட்கார்ந்து வேலை செய்வது கடைசிப் பெட்டியிலிருந்து பிடித்துவந்த குழந்தை. இங்கே கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் வந்ததும் அதே 2013இல்தான். மலக்குழிச் சாவுகள் இன்னும் நின்றபாடில்லை.

கிளர்ச்சித் தலைவன் கர்டிஸ் எஞ்சினை அடைந்ததும், ரயிலின் அதிபதி வில்ஃபோர்ட் தன் இடத்தையே அவனுக்குத் தர முன்வருகிறான். அதிகாரத்தில் நமக்குரிய பங்கு நம் உரிமை. அதில் சமரசம் இல்லை. ஆனால் எஞ்சின் அறையில் நம்மவர் உட்கார்ந்த பிறகும் குழிக்குள் நம் பிள்ளையே கிடந்தால், மாறியது என்ன? இதனால்தான் நாம்கூங் மின்சு வேறு கதவைக் காட்டுகிறான். எல்லோரும் சுவர் என்று நம்பிவிட்ட, வெளியே போகும் கதவு. 1936இல் அண்ணல் அம்பேத்கர் எழுதியதும் சாதியைச் செப்பனிடும் வழியை அல்ல, சாதி ஒழிப்பை.

"ரயில் கவிழ்ந்து அத்தனை பேர் செத்தார்களே?" நியாயமான கேள்விதான். அதுவரை அந்த எஞ்சின் தின்ற குழந்தைகளையும் எண்ணிவிட்டுக் கேளுங்கள். வெளியே போனால் செத்துவிடுவோம் என்ற பயம்தான் அந்த ரயிலின் உண்மையான காவலாளி. கடைசிக் காட்சியில், தப்பிய யோனாவும் சிறுவன் டிம்மியும் பனிமலையில் ஒரு கரடியைப் பார்க்கிறார்கள். வெளியே உயிர் இருக்கிறது. ரயிலுக்குள் சொல்லித்தந்தது பொய்.