வெள்ளை மைக்காவுக்கு மறுபிறவி இல்லை

தேக்கு மேசையில் கீறல் விழுந்தால் ஆசாரியைக் கூப்பிடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் அடித்து, புதிதுபோல ஆக்கித் தந்துவிடுவார். வெள்ளை சன்மைக்கா ஒட்டிய மேசைக்கு அந்த மறுபிறவி கிடையாது. பீனாலிக் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதங்கள் பல அடுக்கு, அவற்றின் மேல் மெலமைன் பிசினில் ஊறிய வெள்ளைத் தாள் ஒன்று. இவற்றைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் கிடைப்பதுதான் நாம் வாங்கும் 1 மில்லிமீட்டர் தகடு. நிறம் முழுக்க அந்த மேல்தாளில்தான். அது தேய்ந்துவிட்டால் அடியில் இருப்பது பழுப்பு.

பிள்ளைகள்தான் கீறுகிறார்கள் என்று பல வீடுகளில் அவர்களைத் திட்டுகிறோம். எனக்குத் தெரிந்து முதல் குற்றவாளி தூசி. ஜன்னல் வழியே வரும் தெருப்புழுதியில் மணல் உண்டு. மணலின் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. சாதாரண எஃகுக் கத்தியைவிடக் கடினமானது. அதன்மேல் காய்ந்த துணியை அழுத்தித் துடைத்தால், ஆசாரி தேக்கில் செய்கிற வேலையை நாம் மைக்காவில் செய்கிறோம். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் அழுத்தாமல் புழுதியை எடுத்துவிட்டு, அப்புறம் காய்ந்த துணி போடுங்கள். பச்சை நார், கம்பி நார், பாத்திரத்தூள் எதுவும் வேண்டாம். கறையை அழிக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச்கூட மென்மையான உப்புத்தாள்தான். பளபளப்பான மைக்காவின் பளபளப்பைக் கொண்டுபோய்விடும்.

வெள்ளையில் தெரியும் சாம்பல் கோடுகள் எல்லாம் கீறல் இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அலுமினியப் பாத்திரத்தையோ எவர்சில்வர் டப்பாவையோ இழுக்கும்போது, அந்த உலோகம் கொஞ்சம் மைக்காவில் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் அது பெரும்பாலும் உலோகத் தடம். சோடா மாவைத் தண்ணீரில் குழைத்து விரலால் மெதுவாகத் தடவினால் போகும். தடுக்கினால் கீறல், அதில் அழுக்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சமையலறையில் கவலை மஞ்சள்தூள். சாம்பார் சிந்திய இடத்தில் சோப்புப் பட்டதும் கறை சிவக்கும். பலர் பதறிப்போய்த் தேய்க்கத் தொடங்குவது அப்போதுதான். மஞ்சளின் குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், வெளிச்சம் பட்டால் வெளுக்கும். துடைத்துவிட்டு, வெயில் விழும்படி ஜன்னலைத் திறந்து வையுங்கள். சில நாளில் கறை மங்கிவிடும், மைக்காவும் தேயாது. ஆயுத பூஜை அன்று அலமாரிக்குச் சந்தனம், குங்குமம் வைக்காமல் இருக்க நமக்கு மனசு வராது. வரவும் வேண்டாம். பொட்டைக் கதவில் வைக்காமல் ஸ்டீல் கைப்பிடியில் வைக்கலாம். கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டின் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பிளேடால் சுரண்ட வேண்டாம்.

ஆனால் வெள்ளை அலமாரிகள் குப்பைக்குப் போவது பெரும்பாலும் கீறலால் இல்லை, தண்ணீரால். மேற்பரப்பில் தண்ணீர் ஏறாது, ஓரத்தில் ஏறும். ஓரத்தை மூடும் பட்டை கொஞ்சம் பிரிந்தாலும் உள்ளே இருக்கும் பார்ட்டிகிள் போர்டு ஊறி உப்பிவிடும். உப்பியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. வீடு துடைக்கிற மாப்பு தினமும் இடிக்கும் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். பிரிந்த பட்டையை அன்றைக்கே ஒட்டிவிடுங்கள். புதிதாகச் செய்பவர்கள், நான்கு பக்க ஓரமும் அடிப்பக்கமும் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய மைக்காத் துண்டை ஆசாரி குப்பையோடு சேர்த்துக் கூட்டிவிடுவார். ஒரு முழம் அளவுக்காவது கேட்டு வாங்கிப் பரண்மேல் போடுங்கள். வெள்ளையில் எத்தனையோ வெள்ளை உண்டு; ஐந்து வருஷம் கழித்து அதே வெள்ளை கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தகட்டின் நிற எண்ணையும் அலமாரிக் கதவின் உட்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள்.